கண்ணாடியைத் துடைத்த கை

எங்கள் அப்பா சாந்த சொரூபி என்று இந்த நினைவு மலரில் யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். சரியான பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

திருநின்றவூரில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர், தினமும் ரயிலேறி அம்பத்தூருக்கு வந்து தொழிற்சாலையில் மின்கருவிகளைப் பழுது பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டார். நசரத்பேட்டையில் கடலை எண்ணெய் சுத்திகரிக்கும் சின்ன ஆலையைக் கம்ப்யூட்டரால் ஓட்டிக் காட்டுவேன் என்று கிளம்பினார். "நல்ல வேலையை உட்டுட்டு இன்னா கூத்து இது?" என்று அம்மா அழுதார். அப்பா அசையவில்லை.

காஸ்டிக் சோடா கலந்த எண்ணெயில் சோப்பு பிரியும். அதை வெந்நீர் விட்டு அலசிப் போக்க வேண்டும். எண்ணெய் தெளிந்துவிட்டதா என்று கண்ணாடிக் குழாயருகே ஒரு ஒளி சென்சார் பார்க்கும். தெளிந்தால்தான் கம்ப்யூட்டர் அடுத்த வால்வைத் திறக்கும். இரண்டு முறை சொதப்பி, மூன்றாம் முறைதான் ஓடத் தொடங்கியது. முதலாளிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

ஆயுத பூஜை முடிந்து ஆலையைத் திறந்த அன்று வந்தது வினை. எண்ணெய் பளிச்சென்று இருக்கிறது. கம்ப்யூட்டரோ தெளியவில்லை என்று வெந்நீரை விட்டுக்கொண்டே இருக்கிறது. "சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா உன் பொட்டியத் தூக்கினு போயிடுய்யா!" என்று முதலாளி கத்தினார்.

நான் கொண்டுபோன சாப்பாட்டை அப்பா தொடவில்லை. ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்தார். கடைசியில் சென்சாரின் மூடியைக் கழற்றினால், உள்ளே கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும்!

ஆபரேட்டர் கன்னியப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சேன் சார். இத்த மட்டும் உட்டா நல்லாவா கீது? அதான் மூடியைக் கயட்டி மூஞ்சிலயே வெச்சேன்."

அப்பா அறைந்துவிடுவார் என்றே பயந்தேன். அவர் கைக்குட்டையால் துடைத்தார். வால்வு திறந்தது.

"அடுத்த வருசம் மூடி மேல வையி கன்னியப்பா. கண்ணுல வெக்காதே" என்றார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதுதான் அண்ணனின் முதல் வேலை. கம்ப்யூட்டர் அங்கேயே நிலைத்தது. பூந்தமல்லிப் பக்கம் வேறு ஆலைகளும் அப்பாவைக் கூப்பிட்டன. படுக்கையில் விழும்வரை ஓடினார்.

மருத்துவமனையில் இரவெல்லாம் கண் விழித்து அப்பாவைப் பார்த்துக்கொண்ட அத்தை பிள்ளைகளுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட, இப்போது நாங்கள் குடியிருக்கும் காட்டுப்பாக்கத்து அக்கம்பக்கத்தாருக்கும் கை கூப்புகிறோம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அப்பாவைக் கிடத்தியிருந்தபோது, நெற்றியில் பூசிய சந்தனம் வழிந்து அவருடைய மூக்குக்கண்ணாடியில் தீற்றியிருந்தது. எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. கன்னியப்பன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நன்றாகத் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார்.

"இப்போ தெளிவா கீதா சார்?" என்றார்.

அண்ணே, அதுவரை அழாமல் இருந்த அம்மா அப்போதுதான் அழுதார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.