கண்ணாடிக்குள் அய்யனார் குதிரை

யுத்தத்துக்கு முந்தி, திருமயத்திலிருந்து வேலை தேடிச் சென்னைக்குப் போன புதிதில் என்னோடு பேச அங்கே ஒரு ஆள் இல்லை. கடற்கரை, பூங்கா என்று தனியாகவே சுற்றினேன். பூங்காவில் அத்தனை பூவும் வேலிக்குள்தான். கிட்டப் போனாலே காவலாளி விசில் அடிப்பான். என்ன தலைநகரோ!

ஒருநாள் மியூசியத்துக்குள் நுழைந்தால், கண்ணாடிக்குள் எங்கள் பக்கத்து அய்யனார் கோயில் மண்குதிரை நிற்கிறது. ஊரில் வெயிலிலும் மழையிலும் கூட்டமாக நிற்கும். இங்கே ஒற்றைக் குதிரை, கழுத்தில் ஒரு மாலைகூட இல்லை. வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டேன்.

“இன்னாய்யா, பொம்மையைப் போய்க் கும்பிடுறே?” என்று சிரித்தான் அங்கிருந்த சேவகன்.

“இருக்கட்டுங்க. எங்க ஊருங்க இது,” என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.