வாசலோடு நின்ற விருந்தாளி

வெண்டலுக்கு ஒரு பெருமை உண்டு. யார் வீட்டிலும் தலையணை வாங்கிப் படுத்தவர் இல்லையாம். கேரவன் என்கிற வீட்டுவண்டிகள் தங்கும் முகாம்களில் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், இதே பல்லவிதான். "போற இடத்துக்கு நம்ம வீட்டை நாமளே கொண்டு போறோம். யாருக்கு என்ன தொந்தரவு?" என் வீட்டுக்காரர் ராய்ஸ் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவரைப் போலத் தொந்தரவு உலகத்தில் கிடையாது என்பது என் கட்சி.

நெப்ராஸ்காவில் நாங்களும் அவர்களும் ஒரே தெரு. அவர் தானியக் கிடங்கில் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். அவர் மனைவி ஆர்டித் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பஸ் நீளத்துக்கு ஒரு கேரவன் வாங்கினார்கள். ராய்ஸுக்குக் கை சும்மா இருக்குமா, நாங்களும் ஒன்று வாங்கினோம். பனி விழுவதற்கு முன்னால் டெக்சஸுக்கு இறங்குவோம், வெயில் ஏறியதும் வடக்கே திரும்புவோம். போகிற வழியில், மிசௌரியில், அவர்களுடைய ஒரே மகன் கர்ட்டின் வீடு.

அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார். அதோடு சரி, உள்ளே காலை வைக்க மாட்டார். சாப்பாடு வண்டியில், தூக்கம் வண்டியில், கக்கூஸ் வண்டியில். குடிக்கிற தண்ணீர்கூட வழியிலேயே நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார். மருமகள் ஷெல்பி விருந்து வைத்தால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றே சாப்பிட்டு முடிப்பார். அப்பா பண்ணையை இழந்த பிறகு பெரியப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். ரொட்டியை நறுக்கும்போது அந்தப் பெரியம்மா இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நறுக்குவாளாம். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக, பெற்ற மகன் வீட்டையும் அந்தப் பெரியம்மா வீடாகவே பார்த்தால் என்ன செய்வது?

போன வருஷத்திலிருந்து ஆர்டித்துக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. கேரவனின் இரும்புப் படி குறுகலானது. ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கர்ட் அதைப் பார்த்துவிட்டு வீட்டின் கீழ்த்தளத்தில், தோட்டத்திலிருந்து நேராக நடந்து வரும்படி, அப்பா அம்மாவுக்கென்று குளியலறையோடு ஓர் அறை கட்டினான். இந்த அக்டோபரில் நாங்கள் போய் இறங்கியதுமே கேட்டுவிட்டான்.

"அப்பா, இந்தக் குளிர்காலம் மட்டும் இங்கே இருங்களேன். அம்மா முட்டியைப் பாருங்க. ரூம் ரெடியா இருக்கு."

"எனக்கு எதுக்குடா ரூம்? அதோ வெளியில நிக்குதே."

அப்புறம் ஆர்டித் தனியாக என்னிடம் சொன்னாள். "மேவிஸ், டெக்சஸ் வரைக்கும் என்னால முடியாதுடி. இங்கேயே இருந்துடணும்னு கிடந்து தவிக்கிறேன். வெண்டல்கிட்ட சொன்னா, உன்னால நான் பிச்சைச் சோறு சாப்பிடணுமான்னு கேப்பான்." எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே அவரை நாலு கேட்டிருப்பேன். அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி பைப்பருக்குப் பிறந்தநாள். ஷெல்பியின் அப்பாவும் அம்மாவும் டல்சாவிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. இதற்குள் வெண்டலின் வண்டியில் கக்கூஸ் டேங்க் நிரம்பிவிட்டது. கர்ட் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னான். "இங்கே காலி பண்ணாதீங்கப்பா, நம்ம செப்டிக் டேங்க் பழசு, தாங்காது. திங்கட்கிழமை நானே கூட வர்றேன், முகாமுக்குப் போய்க் கொட்டிட்டு வந்துடலாம். அதுவரைக்கும் உள்ளே வந்து போங்களேன், என்ன இப்போ?" கேட்பாரா? உள்ளே போவதும் தொந்தரவு, மகனைக் கூட்டிக்கொண்டு போவதும் தொந்தரவு.

நாங்கள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, டயருக்குக் காற்று பார்க்கிறேன் என்று தங்கிவிட்டார். இப்படி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. தரையில் குழாய் மூடி எதையாவது கண்டால் கை அரிக்கும். தோட்டத்தில், வீட்டுக் கழிவு போகிற குழாயின் மூடியைத் திருகித் திறந்து, வண்டியின் ஹோஸைச் சொருகி, வால்வை இழுத்துவிட்டார். ஹோஸ் நழுவாமல் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அவருக்குத் துணையாகத் தங்கிவிட்ட, நான் நம்பிக் கழுத்தை நீட்டிய என் ராய்ஸ். இரண்டு கிழங்களுமாகச் சேர்ந்து ஒரு வாரக் கழிவை மகன் வீட்டுக் குழாயில் காதும் காதும் வைத்தாற்போல் இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சுத்தச் சட்டை போட்டு நின்றார்கள்.

சம்பந்தி வீட்டார் வந்து, பன்றித் தொடையும் பீன்ஸும் பரிமாறி, பிரார்த்தனையும் ஆயிற்று. ஷெல்பியின் அம்மா கை கழுவக் கீழே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஷெல்பி, நீ கொஞ்சம் வந்து பாரு" என்றாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

அதற்குள் நாற்றம் படியேறி வந்துவிட்டது. பைப்பர் கேக்குக்குப் பக்கத்தில் நின்றபடி, "யாரு விட்டது?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கர்ட் கீழே ஓடினான், அங்கிருந்து தோட்டத்துக்கு ஓடினான். திரும்பி வந்து, தாழ்வாரத்தில் தட்டோடு நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"நேத்துதானே சொன்னேன், அப்பா."

"உனக்கு எதுக்குச் சிரமம்னு..." என்று ஆரம்பித்தார் வெண்டல். டல்சாக்காரர் முள்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. தலையெடுத்த நாளிலிருந்து ஒருவர் கையையும் எதிர்பார்க்காத மனுஷர், சம்பந்திக்கு முன்னால் கழுத்துவரை சிவந்துபோய் நின்றார். பார்த்த எனக்கே மானம் போயிற்று.

நானே கழுவுகிறேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனார். கர்ட்டை விடவில்லை. நான் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன். மகன் கட்டிய அந்த அறைக்குள் அவர் முதல்முறையாகக் காலை வைத்தது அன்றைக்குத்தான். குழாயில் பின்னேறி வந்த கழிவு குளியல் தொட்டியில் நிரம்பி வழிந்து, புதுக் கம்பளம் பாதிவரை ஊறியிருந்தது. முட்டி மடங்காமல் உட்காரும்படி உயரம் பார்த்துச் செய்த கட்டில். சுவரில் பிடித்து நடக்கக் கம்பி. கட்டிலுக்கு மேலே, அவர் வேலை பார்த்த தானியக் கிடங்கின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான் பிள்ளை.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு கழிவில் மிதந்தது. குனிந்து எடுத்தார். ஆர்டித்தின் செருப்பு. கொக்கியில் அவள் துண்டு, அலமாரியில் அவள் மாத்திரை டப்பா.

"இது எப்படி இங்கே?"

"நீங்களும் ராய்ஸும் தினம் மதியம் இரும்புக்கடை சுத்தப் போறீங்க இல்ல? அப்போ அவ இங்கேதான் குளிப்பா. ஷெல்பி பிடிச்சுக் குளிப்பாட்டுவா. அப்புறம் கட்டில்ல ஒரு தூக்கம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ற மாதிரியா வெச்சிருக்கீங்க?"

செருப்பைக் கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்க்காதது மாதிரி கம்பளத்தைச் சுருட்டினேன்.

மேலே வந்தபோது சம்பந்திகள் புறப்பட்டுப் போயிருந்தார்கள். கேக் வெட்டாமலே இருந்தது. ஆர்டித் மகனுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு, கிளம்பலாம்" என்றார் வெண்டல். "இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இனிமே இங்கே இருக்க முடியாது."

"நீ வெட்கப்பட்டு ஓடுறே. நான் எதுக்கு ஓடணும்?"

"ஆர்டித்..."

"மருமக முன்னாடி துணியை அவுத்துட்டு நின்னேனே, எனக்கு மட்டும் வெட்கமா இருக்காதா? இருந்துச்சு. உயிரே போச்சு. இருந்தும் நின்னேன், ஏன்னா என்னால முடியல. நான் இங்கேதான் இருக்கப் போறேன், வெண்டல். நீ வேணும்னா போ."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவள் கூடத்து சோபாவில் படுத்தாள், அவர் வண்டியில் தனியாகப் படுத்தார்.

மறுநாள் காலையில் கழிவு உறிஞ்சும் லாரி வந்து தோட்டத்தில் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் விடைபெற்றுக்கொள்ள உள்ளே போனோம். ஆர்டித்தும் கர்ட்டும் மேசையில் இருந்தார்கள். ஷெல்பி அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். வெண்டல் கதவுக்கு வெளியே வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொப்பியைக் கழற்றி, உள்ளே வந்தார்.

"ஷெல்பி, எனக்குக் கொஞ்சம் காபி கிடைக்குமா?"

அவள் திரும்பவில்லை. அவளுக்குக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டியதில்லை. "காபி இருக்கு. கோப்பை எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் ஓர் அலமாரியைத் திறந்தார். தட்டுகள். அடுத்ததைத் திறந்தார். மாவு டப்பாக்கள். மூன்றாவதில் மருந்தும் மெழுகுவர்த்தியும். கர்ட் எழப் போனான், ஆர்டித் அவன் கையை அழுத்திப் பிடித்தாள். திறந்த கதவுகளுக்கு நடுவில் வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷம் வந்து போயிட்டேன்" என்றார் மருமகளிடம். "கோப்பை எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியலம்மா."