பொன்னுத்தாயின் மகளுக்கு ஓர் இடம்

இனிமேல் குணமாகாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டவர்களின் வீடுகளுக்குப் போவதுதான் லூர்துராணியின் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் பதினான்கு வருஷமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறாள். கூட வரும் நர்ஸ் அல்ஷிஃபா புண்ணையும் வலியையும் பார்த்துக்கொள்வாள். உதவித்தொகை, ரேஷன் அட்டை, பேச்சுவார்த்தை விட்டுப்போன சொந்தக்காரர்கள், வாய்விட்டுச் சொல்ல முடியாத பயங்கள் எல்லாம் லூர்துராணியின் பாடு.

மூலத்தோப்புப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்த பொன்னுத்தாய்க்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். வயது ஐம்பத்து நாலு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைத்துப் பிழைத்தவள். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் வேணிக்கு இருபத்தாறு வயது, புத்தி மட்டும் நாலு வயசுக் குழந்தைக்கு உள்ளது. தலை வாரி விடுவதிலிருந்து மாதவிலக்குத் துணி மாற்றுவதுவரை அம்மாதான் செய்ய வேண்டும்.

ஐந்து வாரமாக வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தும் பொன்னுத்தாய் புழுவாய்த் துடித்தாள். டாக்டர் மூன்று முறை அளவைக் கூட்டினார். அல்ஷிஃபாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் வேணியின் உதவித்தொகைக்காக லூர்துராணி தனியாகப் போனாள். ஆதார் அட்டை டிரங்குப் பெட்டியில் இருப்பதாகப் பொன்னுத்தாய் அரைமயக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் லூர்துராணி சேலை மடிப்புக்குள்ளிருந்த துணி முடிச்சை எடுத்துவிட்டாள். அவிழ்த்தால், உள்ளே அத்தனையும் மார்ஃபின் மாத்திரை.

“அக்கா, இது யாருக்கு?”

பொன்னுத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேணி தட்டில் சோற்றைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேருக்கும்.”

லூர்துராணி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாள். இந்த மனுஷி ஐந்து வாரமாக மாத்திரையை விழுங்குவதுபோல் காட்டிவிட்டு, அத்தனை வலியையும் வெறும் உடம்பால் தாங்கியிருக்கிறாள்.

“நான் போனப்புறம் இவளை யாரு என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்? அதை நெனச்சா இந்த வலி ஒண்ணுமே இல்லைங்க.”

தப்பு என்றோ பாவம் என்றோ லூர்துராணி சொல்லவில்லை. வேணிக்கு ஓர் இடம் பார்க்கிறேன், எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். டாக்டருக்குப் போன் போட்டாள். முடிச்சைக் கையோடு எடுத்துப்போனாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு மாத்திரைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வேளைக்கு வந்து விழுங்கும்வரை பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் பொன்னுத்தாய் விடியும்வரை தூங்கினாள்.

இடம் கிடைப்பது அவ்வளவு லேசாக இல்லை. லால்குடியில் இருந்த பொன்னுத்தாயின் அண்ணன் முருகானந்தம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் மனைவி, வயசு வந்த பெண்ணை எங்களால் காவல் காக்க முடியாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். இரண்டு இல்லங்களில் வயது தாண்டிவிட்டது என்றார்கள். கடைசியில் லால்குடிக்கு அப்பால் பெண்களுக்கான இல்லம் ஒன்றில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அந்த வாரத்துக்குள் கொண்டுவந்து விடவேண்டும்.

நானே பார்க்காமல் விடமாட்டேன் என்றாள் பொன்னுத்தாய். வேனில் படுக்க வைத்துக் கூட்டிப்போனார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ராத்திரியில் ஆம்பளைங்க யாராவது தங்குவார்களா என்று விசாரித்தாள். அதன்பின் வேணியின் தலையைக் கடைசியாக ஒரு முறை வாரிப் பின்னிவிட்டாள். அதற்குள் அவளுக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.

அம்மாவை மட்டும் வண்டியில் ஏற்றுவதைப் பார்த்ததும் வேணி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். லூர்துராணி அவளை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். பொன்னுத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

“வண்டிய எடுக்கச் சொல்லுங்க மேடம்.”

அதற்குப் பிறகு அவள் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தாள். தினமும் ஒரே கேள்விதான். சாப்பிட்டாளா? முதல் மூன்று நாள் வேணி பச்சைத்தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. லூர்துராணி, சாப்பிட்டாள் என்றாள். நோயாளியிடம் பொய் சொல்லக்கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவள் அவள். நாலாம் நாள் வேணி நிஜமாகவே ரசஞ்சோறு சாப்பிட்ட சேதி வந்தது. அதைச் சொன்னபோதும் பொன்னுத்தாய் முன்போலவே தலையாட்டிக்கொண்டாள். முந்தைய பொய்களை நம்பினாளா இல்லையா என்பது லூர்துராணிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சாவுக்கு வேணியைக் கூட்டிவந்தார்கள். அம்மாவின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். பிறகு பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். திரும்ப வேனில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த நாலு பேரில் லூர்துராணியும் ஒருத்தி.

மாதம் ஒருமுறை இப்போதும் லூர்துராணி லால்குடி பஸ் ஏறுகிறாள். வேணி உடம்பு தேறியிருக்கிறாள். மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், சமையல்காரம்மாவின் பின்னாலேயே சுற்றுகிறாள். லூர்துராணியைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். வாங்கிவந்த பிஸ்கட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இல்லத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள்.