குளிசைக்கு மேல் ஒரு கரண்டி சுறா நெய்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். கடலுக்கும் காய்ச்சலுக்கும் ஒன்றையும் கொடுக்கவில்லை. மூன்றாவது மகளை மட்டும் என் கையாலேயே கொடுக்கப் பார்த்தேன்.

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் இருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்தோம். அவளுக்கு ஆறு வயது, மாலைக்கண். பொழுதுபட்டால் வாசற்படியில் தடக்கி விழுவாள். எங்கள் பகுதி மருத்துவிச்சி மீனெண்ணெய்க் குளிசை தந்தார், நாளுக்கு ஒன்று. மாதம் முடியமுன் மங்கல் நேரத்தில் தானே கோழி பிடித்து அடைத்தாள்.

எனக்கு ஆசை கூடிவிட்டது. புருஷன் சுறா பிடிக்கப் போகிறவர். வள்ளத்துக்குப் பூச வீட்டில் சுறா ஈரலை உருக்கி நெய் எடுப்போம். சின்னக் குளிசை இவ்வளவு செய்தால் சட்டி நெய் என்ன செய்யாது? குளிசையோடு காலையும் மாலையும் ஒரு கரண்டி, பின்னால் பனங்கட்டித் துண்டு.

இரண்டு மாதத்தில் தலையிடி என்று அழுதாள். சத்தி எடுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, சீப்போடு மயிர் வந்தது. கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். தெம்புக்கு இன்னொரு கரண்டியும் கூட்டினேன்.

மருத்துவிச்சி வந்தார்.

“குளிசையை விட வேறை என்ன குடுக்கிறீங்கள்?”

“ஒண்டுமில்லை மிஸி,” என்றேன். பொய்.

அவர் பிள்ளையின் வாயை முகர்ந்தார். நேரே குசினிக்குள் போய்ச் சட்டியோடு வந்தார்.

“என்னக்கா, பிள்ளையையும் வள்ளம் எண்டு நினைச்சீங்களோ?”

“நல்லது எண்டுதானே குடுத்தனான்.”

“நல்லதுதான், அளவோடை. குளிசையிலையும் நெய்யிலையும் ஒரே சத்துத்தான். கூடினால் வெளியிலை போகாது, ஈரலிலை தேங்கி நஞ்சாகும். இண்டையிலிருந்து நெய்யும் வேண்டாம், குளிசையும் வேண்டாம். கண்ணுக்கு முருங்கையிலை வறுத்துக் குடுங்கோ, போதும்.”

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெயிலில் நடந்து வந்து பார்த்தார். என் பொய்யை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை பிள்ளை எழும்பிப் பிட்டுக் கேட்டாள். அவரைப்போல் கெட்டிக்காரியை நான் பிறகு காணவில்லை.

அந்தப் பிள்ளையின் மகள்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். இப்போது ஏதோ சத்துக் குளிசைப் போத்தலோடு பக்கத்தில் இருக்கிறாள்.

“பிள்ளை, போத்தலை வைச்சிட்டு எழுதினதை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு. நான் பொய் சொன்ன இடத்தை விட்டிடாதை.”