தெருவிளக்குக்கு வந்த கப்பு

மாநிலம் முழுக்க இளைஞர்களைத் தலைவர்களாக்கும் ஃபெல்லோஷிப்பில் நான் போன வருட பேட்ச். இந்த வருடம் புது பேட்ச்சுக்கு வழிகாட்டும் தன்னார்வலர். கழுத்தில் அட்டை எல்லாம் உண்டு.

இன்று அந்தப் பேட்ச்சில் நான்கு பேரை சுத்துக்கேணி கிராமத்துக்கு அழைத்துப் போனேன்.

"முதல்ல மக்களோட பேசணும்" என்று நான் ஆரம்பிப்பதற்குள், நடவு முடித்து வந்த செல்வி அக்கா முந்திக்கொண்டார்.

"கோலமாவு எடுத்தாந்தீங்களா? ஊர் மேப்பு கோயிலாண்ட போடுங்க, அங்கதான் தரை சமமா இருக்கும். அப்புறம் இன்னா பிரச்சனைன்னு கேப்பீங்க, தெருவிளக்குன்னு சொல்லுவோம். கலர் பேப்பர்ல எழுதி ஒட்டுவீங்க. கடைசில போட்டோ. அப்ப நாங்க சிரிக்கணும்."

நான்கு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வரும் வழியெல்லாம் நான் பேசியபோது ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை.

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "போன வருஷம் வந்த பொண்ணுதான நீ? எங்க லைட்டுக்கு உனுக்கு கப்பு குடுத்தாங்கன்னு போட்டோ அனுப்பினியே. லைட்டு இன்னாம்மா ஆச்சு?"

"மனு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்குக்கா."

"அப்ப இந்தப் புள்ளைங்களுக்கும் கப்பு உண்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நண்பர்களே, தலைவர்கள் நாங்கள் ஏராளமாக இருக்கிறோம். உங்களில் யாருக்காவது பல்பு மாட்டத் தெரியுமா?