காயாத கயிறு

அது நடந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். அந்தக் கயிற்றுத் துண்டு இன்னும் காயவில்லை. தினமும் ஆய்வகத் தராசில் எடை போடுகிறேன். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. நான் அறிவியல் படித்தவள். கதை கட்டத் தெரியாது. நம்பாதவர்கள் நேரில் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

ஏரியில் நீர் மாதிரி எடுப்பது என் வேலை. மோட்டார் படகு ஓட்டப் பழகிவிட்டேன். ஆனால் தனியாகக் கரை சேர்த்துக் கட்டிக் காட்டினால்தான் படகு என் பொறுப்புக்கு வரும். இல்லையென்றால் ஆய்வகத்தில் பாட்டில் கழுவ வேண்டியதுதான். பார்த்துச் சொல்ல வேண்டியவர், படகுகளைப் பராமரிக்கும் மோட்டார் அண்ணன்.

"காத்து பேயா அடிக்குது பாப்பா. இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"இன்னிக்கே."

"என்ன? வாயைத் திறந்து பேசு!"

என் குரல் அப்படி. கல்லூரியில் நான் சொன்ன 'உள்ளேன்' கேட்காமல், வந்த நாளெல்லாம் வராதவளாகப் பதிவானவள் நான்.

"இன்னிக்கேண்ணா!"

"சரி தாயே. நடுக்கயிறு மட்டும் போதும். நான் கொட்டகையை விட்டு இறங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவர் படகுத்துறைக்கு இறங்கி நான் பார்த்ததே இல்லை. முழங்கால் வலி என்று நினைத்திருந்தேன்.

மாலை 6.10. காற்று கரையிலிருந்து ஏரிக்குள் அடித்தது. நெருங்க நெருங்கப் படகை வெளியே தள்ளியது. சாய்வாக உள்ளே வந்து, படகின் நடுவில் இருக்கும் கயிற்றின் கண்ணியைத் துறைக் கட்டையில் மாட்ட வேண்டும். பிறகு மெதுவாக முன் கியர். கயிறு விறைத்து, படகைத் துறையோடு ஒட்டவைக்கும். அவ்வளவுதான்.

முதல் முறை தவறியது. இரண்டாம் முறை கண்ணி கட்டையில் விழுந்தது. கியர் போட்டேன்.

சர்ர்ர்...

படகின் முனை துறையை நோக்கித் திரும்பியது. நான் திருப்பவில்லை.

முனையில் ஒரு கயிறு. பச்சை நிறம். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துறையில் நின்று யாரோ இழுப்பதுபோல் விறைத்து நின்றது.

துறையில்... யாரும் இல்லை.

"யாரு? விடுங்க!"

இன்னும் பலமாக இழுத்தது. பின்பக்கம் காற்றில் விலக, படகு சாய்ந்தது. காலடியில் தண்ணீர்.

6.14.

பயந்தேன். அதைவிடக் கோபம் வந்தது. இத்தனை நாள் பழகியது இதற்கா? கத்தியை எடுத்துக்கொண்டு முனைக்குத் தவழ்ந்தேன்.

"உன் உதவி வேணாம்! விடுடா! நானே கட்டுவேன்!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

ஒரே வெட்டு.

தொப்...

தண்ணீரில் ஏதோ விழுந்தது. கனமாக.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். படகு ஒட்டியது. கட்டினேன். தனியாக. முனையில் மிச்சமிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு மேலே ஏறினேன்.

கொட்டகை வாசலில் மோட்டார் அண்ணன் வெளிறிப்போய் நின்றார்.

"படகு எனக்குத்தானே?"

"உனக்குத்தான்... யாரைப் பாத்துக் கத்தின?"

துண்டை நீட்டினேன். "இந்த முன்கயிறை யாருண்ணா கட்டினது?"

அவர் தொடவில்லை. சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்னால் போனார்.

"அந்தப் படகுல முன்கயிறே கிடையாது பாப்பா. என் தம்பிதான் துறையில நின்னு வர்றவங்களுக்கெல்லாம் இழுத்துக் குடுப்பான். ஒருநாள் கயிறு கையில சுத்திக்கிட்டு, தண்ணிக்குள்ள போயிட்டான்..." அவர் குரல் என் குரலைவிடத் தாழ்ந்தது. "பிரிக்கவே முடியல. அந்தக் கயிறோடதான் அவனை எரிச்சோம்."