என் சகலை கட்டின பஸ்ஸு வீடு

எங்க பேத்திக்கு இன்னும் தலை நிக்கல. அதுக்குள்ள வர்றவங்க எல்லாம் அவ மூக்கு என் மூக்குங்கறாங்க. நான் மறுப்பேனா? இப்ப என் மடியிலதான் தூங்குறா. அவ எந்திரிக்கறதுக்குள்ள இத எழுதிடணும். வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு குட்டையான ஆளு பஸ்ஸ ஓட்டிக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல நிறுத்தி இவளத் தூக்கிக் கொஞ்சறாரே, அவரு யாருன்னு நாளைக்கு இவ கேப்பா. கேக்கறப்போ எனக்கு ஞாபகம் இருக்கணுமே.

அவரு எனக்குச் சகலை. என் சம்சாரத்தோட தங்கச்சியக் கட்டினவரு. பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறையில தகரம் அடிக்கிற வேலை. எதுத்தாப்புல என் பஞ்சர் கடை. பட்டறையில அவரு பேரு முக்கால். அவ்வளவு உயரம்தான் ஆளு. அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா கோவமே வராது, திரும்பிப் பாத்து சிரிப்பாரு. என் மச்சினியோ நல்ல உயரம். பரண்ல இருக்கறத ஸ்டூல் இல்லாமயே எடுத்துடுவா. ரெண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனா, அவ நிழல்லயே நடந்து போயிடலாம் சகலை, குடையே வேண்டாம்னு அவரே சொல்லுவாரு.

அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அப்ப துணி தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. கம்பெனி பஸ்ஸு ஒண்ணு வந்து ஏத்திக்கிட்டுப் போகும். எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. அந்தப் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றவங்க பிடிச்சுக்க மேல ஒரு கம்பி இருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் மச்சினி நெத்தி அதுலதான் போய் இடிக்கும். ஒருநாள் நெத்தியில வீக்கத்தோட நேரா பட்டறைக்கே வந்துட்டா. யாரு இந்தக் கம்பிய மாட்டினதுன்னு கேட்டா. வேற ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தவரு வெளிய வந்து, கையத் தொடச்சுக்கிட்டு நின்னாரு.

"நான்தாங்க. எனக்கு இடிக்கலியே."

அவ திட்டத்தான் வந்தா. அவரு நின்ன உயரத்தப் பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. அடுத்த வாரம் கம்பி மேல ஏறிடுச்சு, அதுக்கடுத்து எங்க மாமனார் வீட்டுக்கு இவரு நடையா நடக்க ஆரம்பிச்சாரு. அப்பவும் அந்தப் பஸ்ஸுல போற நாள்ல மச்சினி கொண்டை போட மாட்டா, கூரை தட்டும். பின்னல்தான். கல்யாணம் ஆகி வேலைய விட்டப்புறம்தான் உச்சிக் கொண்டை. இனிமே எந்தக் கூரையும் என்னத் தொடாதுன்னு சொல்லிச் சொல்லி முடிஞ்சுக்குவா.

அவங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. எங்க பொண்ணுதான் ரெண்டு வீட்டுக்கும் பொண்ணு. சொந்த வீடும் இல்ல. சகலைக்கு ஒரு கெட்ட பழக்கம், வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நசுங்கின பக்கெட்டு, பக்கத்து வீட்டுத் தகரப் பெட்டி, எது கிடைச்சாலும் தட்டிக்கிட்டே இருப்பாரு. வீட்டுக்காரங்க முதல்ல தங்களோட பக்கெட்டையும் குடுத்து அடிச்சு வாங்கிக்குவாங்க. அப்புறம் தலைவலிக்குதுன்னு காலி பண்ணச் சொல்லுவாங்க. மச்சினி சாமானக் கட்டுவா. என் கடைக்கு வர்ற லாரியில ஒண்ணு சாயங்காலம் அவங்களுக்காகப் போகும். இப்படியே எத்தன தெரு மாறினாங்கன்னு எனக்கே நினைவில்ல.

கடைசியா இருந்த வீட்டுல சத்தத்துக்காகச் சொல்லல. வீட்டுக்காரர் மகன் குடும்பத்தோட வர்றான், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுங்கன்னு தன்மையாத்தான் கேட்டாரு. மச்சினி அன்னிக்குச் சமையல் பண்ணல. தரையில உக்காந்து, "இனிமே நான் சாமான் கட்ட மாட்டேன். மாறணும்னா வீடே நகந்து போகட்டும்"னு சொல்லிட்டா.

கோவத்துல சொன்னது. சகலை அத அப்படியே எடுத்துக்கிட்டாரு. மறுநாள் காலையில பட்டறை முதலாளிகிட்டப் போய், மூலையில கெடந்த ஒரு பழைய பஸ்ஸக் கேட்டாரு. உடைச்சுப் போடத்தான் வச்சிருந்தாங்க, இழுத்துட்டுப் போக முடிஞ்சா எடுத்துக்கோன்னுட்டாரு முதலாளி. வேற எந்தப் பஸ்ஸு? அதே கம்பெனி பஸ்ஸுதான். சாயம் போய், கண்ணாடி போய், உள்ள கோழி அடைஞ்சு கெடந்துச்சு.

நான் சொன்னேன், பொம்பள கோவத்துல சொன்னத எவனாவது வெல்டிங் வச்சுச் செய்வானா சகலைன்னு.

"அவ இத்தன வருஷத்துல கேட்டதுலயே என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான் சகலை"ன்னாரு. டயரு என் பொறுப்புன்னேன்.

மச்சினிகிட்டப் போய், நீ வேலைக்குப் போன பஸ்ஸுதான் நம்ம வீடாகப் போகுதுன்னு பெருமையா சொல்லியிருக்காரு. "அந்தப் பஸ்ஸா?"ன்னு மட்டும் கேட்டாளாம். சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு இவரு நினைச்சுக்கிட்டாரு.

வேலைன்னா அது வேலை. இஞ்சின பட்டறை மெக்கானிக்கு ஒருத்தர் ஓட வச்சுக் குடுத்தாரு, மத்ததெல்லாம் சகலைதான். சீட்டெல்லாம் கழட்டி, துருவச் சுரண்டி, இத்துப்போன தகரத்த வெட்டி எடுத்துப் புதுசு வச்சாரு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால அடுப்படி, பாத்திரம் கழுவத் தொட்டி. ஜன்னலோரம் ஓடுற அலமாரி, ஒவ்வொரு கதவுக்கும் கொக்கி, வண்டி திரும்பும்போது தட்டு வந்து மடியில விழக்கூடாதுல்ல. கடைசி சீட்டு இருந்த இடத்துல அகலமா கட்டில். அதுக்கு முன்னால ஒரு ஓரமா சின்ன குளியலறை. அந்தப் பட்டறையில ஒரு பழக்கம் உண்டு. ஏறி உக்கார்ற ஆளு கண்ணுல ஒரு ஸ்க்ரூ, ஒரு வயரு படக்கூடாது. அத இவரு வீட்டுக்கும் செஞ்சாரு. தண்ணிக் குழாய், வயரு எல்லாத்தையும் தரைக்கு அடியில மறைக்கணும். தண்ணி தானா ஓட வாட்டம் வேணும். அதனால பழைய தரைக்கு மேல ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை அடிச்சு, அதுக்கு மேல பலகை போட்டு, முகம் பாக்கலாம் போல பாலிஷ் ஏத்திட்டாரு. அந்தப் பலகை மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிமிந்து நடந்து காட்டினாரு. தலைக்கு மேல ரெண்டு விரல் வச்சு, இன்னும் இடம் இருக்கு பாருங்க சகலைன்னாரு. நான் குனிஞ்சுக்கிட்டேதான் பாத்தேன். பஸ்ஸுல குனியறது பழகிப்போனதுதானேன்னு இருந்துட்டேன்.

அந்தச் சமயத்துலதான் இப்ப என் மடியில தூங்குற மகாராணி பொறந்தா. பொறந்தப்பவே தலை நெறைய முடி. நர்ஸம்மாவே சொன்னாங்க இந்த வார்டுலயே இவதான் அழகுன்னு. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு என் சம்சாரம் சொல்றா, அது பொறாமை. சரி, விஷயத்துக்கு வர்றேன். பஸ்ஸு சரிப்படலன்னா எங்க பின் ரூமுக்கு வந்துடுங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம். இப்ப அந்த ரூமுல எங்க பொண்ணும் குழந்தையும். மச்சினி குழந்தைய மடியில போட்டுக்கிட்டே, "பச்சப்புள்ள இருக்கற வீட்டுல இவரு சுத்தியலோட வந்து நின்னா நல்லாருக்குமா மாமா"ன்னுட்டா. கூட வேலை பாத்த ஒருத்தி வீட்டுல அவ ஒருத்தி மட்டும் படுத்துக்க இடம் இருக்காம். இவரு பட்டறையிலயே சுருண்டுக்குவாராம். அவ அங்க, இவரு இங்க. இந்த வயசுல.

ஆக, எல்லாம் அந்தப் பஸ்ஸ நம்பித்தான்.

மச்சினி வந்து பாத்தா. ஏறினதும் டங்குன்னு ஒரு சத்தம். தலையத் தடவிக்கிட்டு, அலமாரி அழகா இருக்குன்னா, தொட்டி நல்ல ஆழம்னா. சகலை பூரிச்சுப்போய் ஒவ்வொரு கொக்கியா திறந்து காட்டினாரு. மறுநாள் பாத்திரம் அடுக்க வந்தப்போ பின்னல் போட்டுட்டு வந்தா. என் சம்சாரம் அதப் பாத்துட்டு என் இடுப்புல இடிச்சா. மச்சினி தொட்டி முன்னாடி நின்னா, கழுத்து ஒரு பக்கமா சாஞ்சு, பல்லி மாதிரி கூரையோட ஒட்டிக்கிட்டு. முகத்துல மட்டும் சிரிப்பு மாறல. சகலைகிட்ட நீங்க சொல்லுங்கன்னா என் சம்சாரம் என்கிட்ட. நீ சொல்லுன்னேன் நான். தங்கச்சியே சொல்லாதத நான் எப்படிச் சொல்லன்னா. இப்படியே அன்னைக்குப் பொழுது போச்சு.

யாரும் சொல்ல வேண்டி வரல. அடுத்த நாள் சகலை வண்டிக்கு அடியில படுத்துக் குழாய்க்கு வாசர் போட்டுக்கிட்டிருந்திருக்காரு. அவரு அங்க இருக்கறது அவளுக்குத் தெரியாது. அவ இறங்கி, வண்டிக்குப் பின்பக்கமா ஆள் இல்லாத இடத்துல போய் நின்னிருக்கா. அவருக்குத் தெரிஞ்சது அவ பாதம் மட்டும்தான். அந்தக் குதிகால் ரெண்டும் மெதுவா மேல எழும்பிச்சாம். கட்டைவிரல்ல நின்னு ரொம்ப நேரம் உடம்ப நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டுட்டு, மறுபடி படியேறிப் போயிட்டாளாம்.

என் கடைக்கு வந்து இதச் சொன்னாரு. சொல்லிட்டு டியூப் முக்கற தண்ணித் தொட்டியவே பாத்துக்கிட்டு நின்னாரு.

"அந்தப் பஸ்ஸுலயே மறுபடியும் குனிய வச்சுட்டேன் சகலை."

கூரைய வெட்டி உசத்தலாம்னேன் நான். அதுக்கெல்லாம் நாள் இல்ல, காலி பண்ண ரெண்டு நாள்தான் பாக்கி. கடப்பாறைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கண்ணாடி மாதிரி இழைச்ச பலகைய அவரே பேத்தாரு. ஆணியோட பசையும் போட்டு ஒட்டியிருந்தாரா, ஒவ்வொரு பலகையும் அழுதுக்கிட்டே வந்துச்சு. குழாயையும் வயரையும் மாத்தி ஒரு ஓரமா ஒதுக்கணும். அடுப்படி ஓரமும் நடக்கற வழியும்தான் முடிஞ்சது. இன்னொரு பக்கம் பலகை அப்படியே மேல நிக்குது. நடுவுல வாய்க்கால் வெட்டின மாதிரி ஒரு பள்ளம், ஓரமெல்லாம் சிலும்பு.

காலி பண்ற நாளும் வந்துடுச்சு. முன்னால மச்சினி ஏறினா, பின்னால அவ டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நான், எனக்குப் பின்னால அடுப்போட என் சம்சாரம். உள்ள சகலை மீதிப் பலகை மேல நின்னுக்கிட்டிருந்தாரு. முகமெல்லாம் மரத்தூளு, ரெண்டு நாளா சவரம் பண்ணல. மன்னிப்புக் கேக்கற மாதிரி, இந்தப் பக்கமும் பேத்துடறேன், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோன்னு ஆரம்பிச்சாரு.

அவ பள்ளத்துல இறங்கி நின்னா. கழுத்த மெதுவா நிமித்தினா. தட்டல. கைய மேல கொண்டு போய் கூரையத் தடவிப் பாத்தா. அப்புறம் நேரா பாத்தா. நேருக்கு நேரா அவரு முகம். குனியவும் இல்ல, அண்ணாக்கவும் இல்ல.

எவ்வளவு நேரம் நின்னாங்களோ. பெட்டி கனம் என் கையப் பிக்குது. என்னாச்சு, நகருங்கன்னு என் சம்சாரம் அடுப்பால என் முதுகுல குத்துறா. நகர எனக்கு மனசு வரல.

"உங்க மூக்கு இவ்வளவு கோணலா?"ன்னா மச்சினி. "இத்தன வருஷமா உச்சந்தலையையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அவருக்கு வெக்கம் வந்து மூக்கத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் கடப்பாறையத் தேடிக் குனிஞ்சு, இதையும் பேத்தாத்தான் சமமா இருக்கும்னு சொல்லிக்கிட்டே பலகையிலேர்ந்து இறங்கப் போனாரு.

"இறங்காதீங்க"ன்னா அவ. "அங்கயே நில்லுங்க."